எக்ஸில் தொடங்கும் டப்பா

நீல மூடி. வெனிலா வாசம். நானூறு கிராம்.
வயிற்றில் எதுவும் தங்காதவர்களுக்குக்
கரைத்துக் கொடுக்கிற மாவு.
டப்பாவின் நெற்றியில் ஆறே எழுத்து:
எக்ஸ், இ, வி, ஓ, ஜே, ஏ.
எத்தனை கரண்டி என்று உள்ளே காகிதத்தில் இருக்கிறது.
எப்படிச் சொல்வது என்று இல்லை.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரி, லாட்ஜ் சந்து திரும்பும் முனை.
காலை ஏழுக்கு எங்கள் ஷட்டர் முழுசாக ஏறுமுன்
குனிந்து கேட்டுவிடுவார் மால்தாக்காரர்: ஜெபோஜா.
வகரம் வரும் இடத்தில் உதட்டை மூடிவிடுகிற ஊர் அவருடையது.
சித்தூர் அம்மாள் ஓர் எழுத்தையும் ஏமாற்ற மாட்டாள்,
எக்ஸெவோஜா என்று படியேறி இறங்குவாள்.
ஆர்.என். பாளையத்து மெஹருன்னிசா சொல்லும்போது
முதலெழுத்தில் ஒரு தேனீ பறக்கும்.
இரவு டியூட்டி முடித்துவரும் பாலாக்காரி லிஸம்மா
பெயரே வேண்டாம் என்று
நீல மூடியைக் கை காட்டுவாள்.
முதலாளிக்கு அது என்றைக்கும் எக்சோஜா.
"எக்சோஜா எத்தினி கீது பாரும்மா."

போன மாசம் கம்பெனிப் பையன் வந்தான்,
டை வியர்வையில் நனைந்து கழுத்தோடு ஒட்டியிருந்தது.
"சரியான உச்சரிப்பு ஸேவோயா சார்.
மீட்டிங்ல சொன்னாங்க. அந்த ஜே, யா மாதிரி."
முதலாளி பில் போடுவதை நிறுத்தினார்.
"அப்போ ஜோலார்பேட்டைய இன்னான்னுபா சொல்லுவே?"
பையன் சிரித்தான். மோர் வாங்கிக் குடித்தான்.
வாசலில் நின்று குடோனுக்குப் போன் போட்டான்:
"அண்ணே, செவோஜா ரெண்டு கேஸ்."

நான் யாரையும் திருத்துவதில்லை.
பேலோர் என்கிறார்கள், வெல்லோர் என்கிறார்கள்,
ரயில் வந்து நிற்பதோ காட்பாடியில்.
ஊர் எல்லாவற்றுக்கும்
‘இன்னா’ என்று திரும்பிப் பார்க்கிறது.
இருப்பு நோட்டில் செவோசா என்று எழுதுகிறேன்.
எங்கள் ச யாரையும் வெளியே நிறுத்தாது.

என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜோர்ஹாட்காரர் நீட்டிய சீட்டில்
நோயாளி பெயர் நிருபமா சைகியா.
சைகியா என்று கூப்பிட்டேன். எழுந்து வந்து,
கோபமில்லாமல், தன் பெயரைத் தானே ஒருமுறை சொன்னார்.
முதலில் இருந்தது ச இல்லை. க இல்லை. ஹ-வும் இல்லை.
தொண்டைக்குள் காற்று
ஒரு சுவரை உரசிக்கொண்டு போனது.
பிறகு டப்பாவைக் காட்டி
அதன் பெயரையும் அதே காற்றில் தொடங்கினார்.
அந்த ஒலிக்கு அவர்கள் எக்ஸ்தான் போடுவார்களாம்;
கவுண்டர் கண்ணாடியில்
விரலால் ஒரு பெருக்கல் குறி வரைந்து காட்டினார்.
இந்தத் தெருவின் அத்தனை பலகைகளில்
அது ஒன்றாவது
வீட்டிலிருந்து வந்ததுபோல் இருந்திருக்கும் அவருக்கு.

நாலு நாளைக்கு ஒரு டப்பா.
எட்டாவதை வாங்கியது ஒரு திங்கட்கிழமை.
புதன் மாலை திரும்ப வந்தார். டப்பா, பில்.
மூடிமேல் பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை.
ஊருக்கா என்று கையால் கேட்டேன்.
தலையை அசைத்தார். அந்த அசைப்பு
ஆமாவா இல்லையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.
ஏன் என்று கேட்க ஒரு மொழி வேண்டும்;
எங்கள் இருவரிடமும் இல்லை.
அறுநூற்று நாற்பதை எண்ணாமல் பையில் வைத்தார்.
டப்பாவைத் தொட்டு
அதன் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வந்த சரக்குக்குத் தனிப் பக்கம்.
செ என்று எழுதி, அடித்தேன்.
சொல்லுக்கு முதலில் ஆய்தம் வராது என்று
பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்.
அஃது, எஃகு என்று
மெல்ல வாயில் வைத்துப் பார்த்தேன்.
ஃபேனுக்கும் ஃபோனுக்கும்
இத்தனை நாள் கடன் போயிருந்த மூன்று புள்ளி.
அவர் காற்று அதற்குள்தான் இருந்தது.

எழுதினேன்:
ஃகெவோஜா. ஒன்று. பிரிக்கவில்லை.