கைக்கு ஒரு பை

எதாஜிமா தீவில் அதிகாலை நான்கு மணி.
சிப்பிக் கொட்டகையில் எட்டுப் பேர், எட்டுக் கத்திகள்.
நேற்றைய சொற்களை
ஈரம் படாத உயரத்தில் ஒட்டியிருக்கிறேன்.

காகி என்றால் சிப்பி.
காகி என்றால் ஒரு பழமும்கூட.
குரல் எந்த இடத்தில் ஏறுகிறது என்பதில்தான் வேறுபாடு.
ஏற்ற இறக்கம் எனக்குப் புதிதல்ல,
வியட்நாம்காரி, ஆறு சுரத்தில் பேசி வளர்ந்தவள்.
இருந்தும் பழம் கேட்டால் சிப்பியைக் காட்டுகிறார்கள்.

தைஜோபு: ‘நலம்’ என்றது அகராதி.
விரல் கிழிந்த அன்று மேற்பார்வையாளர் கேட்டார், தைஜோபு?
தைஜோபு, என்றேன்.
ஒரே சொல். அவருடையது மட்டும் வாலைத் தூக்கியிருந்தது.
அன்று மாலை கடைக்காரப் பெண்
ஃபுகுரோ வேண்டுமா என்றாள்.
பை! தெரிந்த சொல்!
நலம், சரி, கொடுங்கள் என்று நினைத்துக்கொண்டு
தைஜோபு என்றேன்.
எடுத்த பையை அவள் திரும்ப உள்ளே வைத்தாள்.
‘வேண்டாம்’ என்றும் அதற்கு ஒரு பொருள்.
முட்டை, பால், நீள முள்ளங்கி
எல்லாவற்றையும் மார்போடு அணைத்தபடி
படகுத்துறை தாண்டி நடந்தேன்.
ஒரு முட்டை மட்டும் தைஜோபு ஆகவில்லை.

என் வலப்பக்கம் உட்காரும் உமெகிதா-சான்
பேசமாட்டார்.
ஒரு திங்கட்கிழமை என் வாளியின் மேல்
ரப்பர் கையுறை ஒரு ஜோடி, உள்ளே கம்பளி வைத்தது.
தெபுகுரோ, என்றார்.
தெ, கை.
ஃபுகுரோ, அந்த முட்டை நாளின் பை.
கைக்கு ஒரு பை!
யாரும் சொல்லித்தராமல்
முதன்முறை ஒரு சொல்லைப் பிளந்தேன்,
கத்தி நுழையும் இடம் தெரிந்து.

தேநீர் இடைவேளையில் எல்லோர் முன்னும் அறிவித்தேன்:
உமெகிதா-சான் தெபுகுரோ அகேமாஷ்தா.
யாரும் சிரிக்கவில்லை. அதுதான் சங்கடம்.
கோப்பையை ஊதியபடி அவரே கேட்டார்,
“யாருக்கு?”

அகேரு, வெளியே போகிற கொடை.
நம் பக்கம் வருவதற்கு வேறு வினை.
கொடுத்தார் வேறு, தந்தார் வேறு.
குரேமாஷ்தா, என்று திருத்திக்கொண்டேன்.
அந்த வாக்கியத்தில் ‘எனக்கு’ என்ற சொல்லே இல்லை,
இரவில் அகராதியோடு தேடியும் பார்த்தேன்.
வினைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன்
நான், த்வா,
வருகைப் பட்டியலில் பதினேழு மாதமாகத்
தோரா என்று எழுதப்படுகிறவள்.
தோரா என்றால் புலி.

அடுத்த கூடை வந்து கவிழ்ந்தது.
கையுறை இரண்டு அளவு பெரியது,
விரல் நுனிகள் காலியாக ஆடின.
அதைப் பார்த்துவிட்டு உமெகிதா-சான்
தைஜோபு? என்றார்.
தைஜோபு, என்றேன்,
எந்த தைஜோபு என்று
எனக்கே முடிவாகாமல்.