நீலக் கோடு

நீரோடிப் பாறையில் சிப்பிக்கு முங்கும் சிலுவைதாசன்
ஊறுகாய்ப் புட்டியில் கொண்டுவந்தது:
ஓடில்லாத கடல்நத்தை, மொச்சைக்கொட்டை அளவு.
"மீனு வாயில வச்சிட்டுத் துப்புது.
எதுக்குண்ணு பாருங்க டீச்சர்."

பஞ்சால் ஒற்றினேன். சளி நூலாய் இழுபட்டது.
பொழியூர் தாண்டும் பேருந்தில் மடியில் ஐஸ் பெட்டி.
"மீனோ?" என்றார் நடத்துநர்.
"மூக்குச்சளி மாதிரி" என்றேன்.
அடுத்த இருக்கைக்காரி எழுந்து போனாள்.

ஜெல்லில் நீலக் கோடுகள்.
பட்டியல் எதிலும் இல்லாத புரதம் ஒன்று
மெலிதாய், நகக்கீறல்போல.
கொட்டும் பாசிப்பூவைத் தின்று
அந்தக் கொடுக்கையே முதுகில் நட்டுக்கொள்ளும் உடம்புக்கு
உறை இதுதானோ?

ராத்திரி போன்: "வெல கிட்டுமா?"
"பேரே இன்னும் இல்ல."
"அப்ப கொண்டாங்க, கடல்ல விட்டிருவோம்."

புட்டியைத் தூக்கிப் பார்த்தேன்.
நத்தை இல்லை.
அடியில் கொஞ்சம்
வழுவழுப்பு.