தண்ணீருக்கு முன்

சிங்க்குக்குக் கீழே
தலையை மட்டும் உள்ளே விட்டுப் படுத்திருக்கிறேன்.
டார்ச் எரியும் கைபேசி வாயில்.
எச்சில் வழிகிறது, துடைக்கக் கை இல்லை.
வைத்திக்குப்பத்தில் மணி ஐந்தேகால்.
படகு எஞ்சின் ஒன்று இருமி இருமி
இன்னும் பிடிக்கவில்லை.

இந்த வெந்நீர்ப் பெட்டி
செலினின் சின்னம்மா மகன் பிலிப்
துலூஸிலிருந்து சுமந்து வந்தது.
"குழாயத் திருப்பினா வெந்நீர், அக்கா."
தானே மாட்டி, தானே ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டு
பிளேன் ஏறிவிட்டான்.
இரண்டு வருஷம் கேட்டபோதெல்லாம் கொடுத்தது.
புயலுக்குப் பிறகு கொடுக்கவில்லை.

நெல்லித்தோப்புக் கடையில் போட்டோவைக் காட்டினேன்.
ஞானவேலு இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.
"எலிமெண்ட் போயிருக்கும் சார்.
வெளிநாட்டு அயிட்டம், ஸ்பேர் கெடைக்காது.
புதுசுன்னா ஏழாயிரத்துல முடிச்சிடலாம்."
தொட்டுப் பார்க்காமலே
இறந்த நேரம் எழுதிவிடுகிற மனிதர்.

செலினுக்கு ஜிப்மரில் நைட் டூட்டி.
காலை ஏழே முக்காலுக்கு வந்து
தோள்பையைக்கூட இறக்காமல்
சிங்க் முன்னால் நின்று
ஒரு டம்ளர் வெந்நீர் குடிப்பாள்.
தூள் இல்லை, சர்க்கரை இல்லை,
அதுவரை பேச்சும் இல்லை.
ராத்திரி வார்டில் யார் மிஞ்சினார்கள் என்பது
அந்த டம்ளருக்குத்தான் முதலில் தெரியும்.

ஆறு நாளாக அடுப்பில் காய்ச்சித் தருகிறேன்.
"பரவால்ல" என்கிறாள்.
எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு நாலு அர்த்தம்.
நல்லது ஒன்றுதான். இது அதில்லை.

பிளக்கைப் பிடுங்கியாயிற்று. ஒரு மூடி, நாலு திருகு.
உள்ளே ஒரு கரப்பான் குடும்பம்
வீடு மாற்றுகிறது.
மீட்டரின் இரண்டு முனையையும் எலிமெண்டில் வைத்தேன்.
நாற்பத்தொரு ஓம்.
செத்தவனுக்கு நாடி ஓடுமா, ஞானவேலு?

அப்புறம் எது?
சிவப்பு வயரின் பின்னாலேயே போனால்
மிளகு அளவு ஒரு பொத்தான்,
பக்கத்தில் பிரெஞ்சில் ஒரு ஸ்டிக்கர்.
என் பிரெஞ்சு ஒன்பதாம் வகுப்போடு நின்றது.
மிச்சம் இருப்பது தெருப் பலகைகளும் சில்லறைச் சொற்களும்.
'ஜமே' என்றால் ஒருபோதும்.
'அவான்' என்றால் முன்பு.
'ஓ' என்றால் தண்ணீர்.

ஒருபோதும். முன்பு. தண்ணீர்.

புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை.
மாடித் தொட்டி காலி, மோட்டார் ஓடாது,
தெருவெல்லாம் தண்ணீர், குடத்தில் இல்லை.
மூன்றாம் நாள் ராத்திரி
இந்தப் பெட்டியின் அடித் திருகைக் கழற்றி
வயிற்றிலிருந்த இரண்டரை லிட்டரையும்
குண்டானில் பிடித்தது நான்தான்.
அதில்தான் கஞ்சி வைத்தோம்.
திருகை மறுபடி மாட்டினேன்.
சுவிட்சை யார் நினைத்தார்கள்?

விடியற்காலை கரண்ட் வந்தது. தெருவே கைதட்டியது.
நான் மோட்டார் போட மதியமாயிற்று.
அதுவரை இது இருட்டில்
தன் வெறும் வயிற்றைக் காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறது.
உருகுவதற்குக் கொஞ்சம் முன்னால்
மிளகுப் பொத்தான் எகிறி
போதும் என்றிருக்கிறது.

"ஓ" என்றேன்.
கைபேசி நழுவிக் கழுத்தில் விழுந்தது.
எந்த மொழியில் சொன்னேன் என்று தெரியவில்லை.

முதலில் தண்ணீர்.
குழாயைத் திறந்ததும் துப்பியது, ஏப்பம் விட்டது,
கொஞ்சம் துரு, பிறகு ஒழுங்காக வந்தது.
அதற்கப்புறம் பொத்தான். பென்சில் முனையால்.
டிக்.
மூடியைப் போட்டுப் பிளக்கைச் செருகி
காதை வைத்தேன்.
ரொம்ப தூரத்தில் யாரோ அரிசி களைகிறார்கள்.

ஏழே முக்கால்.
செலின் வந்தாள், திருப்பினாள், பிடித்தாள்.
டம்ளரைத் துப்பட்டா நுனியால் பற்றிக்கொண்டு
ஊதி ஊதிக் குடித்தாள்.
சரியாயிடுச்சா என்று கேட்கவில்லை.
"பதினோராம் பெட் வீட்டுக்குப் போயிட்டாரு" என்றாள்.
கொஞ்சம் கழித்து,
"நடந்தே."

நான் சட்டைப் பையைத் தடவினேன்.
திருகு ஒன்று மிச்சம்.