தகரக் கூரை

டிஜிட்டல் ஆன்டெனா இருக்கிறதா என்றார்.
அப்படி ஒன்று கிடையாதம்மா,
ஆன்டெனாவுக்குப் பழசும் தெரியாது புதுசும் தெரியாது என்று
சொல்ல வாய் வந்தது.
முதலாளி கல்லாவில் இருந்தார்.

அட்டைப்பெட்டியின் மேல் எண்பது மைல் என்று போட்டிருக்கும்.
அந்த எண்பது மைலில் குன்று கிடையாது
தளிர் மரமும் கிடையாது
சுப்பீரியர் ஏரியிலிருந்து ஏறிவரும் பனிமூட்டம் கிடையாது.
யாரோ மேசைமேல் அளந்த எண்பது.

பெயர் சில்வி ஓயாலா.
முப்பத்தோரு குளிர்காலம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர்.
டிவி எண்பத்தேழாம் வருடத்து ஜெனித்,
மரப்பக்கம் வைத்தது,
இரண்டு பேர் தூக்கினால் ஒருவருக்கு இடுப்பு போகும்.
பின்னால் என்ன துளை இருக்கிறது என்று கேட்டேன்.
உள்ளங்கையை நீட்டினார்:
பேனாவால் வரைந்த இரண்டு திருகாணி.
உருண்டைத் துளை இல்லை.

புதுசு வாங்கலாமே.
'இது கெட்டுப்போகவில்லையே'
அதற்கு மேல் பேச்சில்லை.

என்ன பார்ப்பீர்கள்? ஹாக்கியா?
கொஞ்ச நேரம் கையுறையைச் சரிசெய்தார்.
காலை ஐந்து மணிக்கு
திரையின் அடியில் ஓடுமே,
பனியால் இன்று மூடிய பள்ளிகளின் பெயர்,
அது.

சனிக்கிழமை வண்டியில் மூன்று ஆன்டெனாவோடு போனேன்.
ஒரு மாற்றுப்பெட்டி,
திருகாணிக்குப் பொருந்த ஒரு சின்ன இணைப்பி.

தாள்போல் மெல்லியது முதலில். சன்னலில் ஒட்டினோம்.
ஒன்றுமில்லை.
அடுத்தது மின்சாரம் குடிக்கும் ரகம், விலை அதிகம்.
பூஜ்ஜியத்தைப் பத்தால் பெருக்கினால் என்ன வரும்,
அதுதான் வந்தது.
அந்தக் காலத்தில் புள்ளி புள்ளியாகவாவது
ஒரு முகம் தெரியும்,
இரண்டு மூக்கோடு ஒரு செய்தி வாசிப்பவர் இருப்பார்.
இப்போது வந்தால் முழுசு,
இல்லையென்றால் கறுப்பு.

கோபுரம் தெற்கே. நடுவில் குன்று.
தெற்கைப் பார்த்தே மூன்று மணிநேரம் போனது.

கடைசியில் பதினாறு டாலர்,
இரண்டு கொம்பு, நடுவில் ஒரு வளையம்.
அலுத்துப்போய் அதை வடக்குச் சன்னலில் வைத்துவிட்டு
காபிக்குத் திரும்பினேன்.
பின்னால் யாரோ சோப்பு விற்றார்கள்.

வடக்கே கோபுரம் எதுவும் இல்லை.
வேலிக்கு அப்பால் ஆர்மண்ட் லெடூக்கின் உருளைக்கிழங்குக் கொட்டகை,
அதன் சரிந்த தகரக் கூரை.
குன்றைத் தாண்டி வந்த அலை
அதில் பட்டுத் திரும்பி
இவர் வீட்டுக்குள் வருகிறது.

நான் இதை விளக்கியபோது
சில்வி சர்க்கரையைக் கலக்குவதை நிறுத்தினார்.

அந்தக் கூரையின் பனி சரிந்துதான்
அவருடைய பிளம் மரங்கள் முறிந்தனவாம்,
ஒன்றல்ல, நான்கு.
ஊராட்சிக்கு மனு, வக்கீலுக்குக் காசு.
பதினோரு வருடமாக
லெடூக்கின் முகத்தில் விழிப்பதில்லை.
'கூரையைப் பிரித்தெடு' என்று
போன மாதம்கூட எழுதிப்போட்டிருக்கிறார்.

வேறு பக்கம் வராதா?
வராது.
நல்லாப் பார்த்தீர்களா?
பார்த்தேன்.

சோப்பு முடிந்து வானிலை வந்தது.
இருவரும் நின்றபடியே பார்த்தோம்.
காசைச் சில்லறையாக எண்ணிக் கொடுத்தார்.
ரசீது வேண்டாம் என்றார்.

ஜனவரியில் ஒருநாள், கடை திறக்கும் முன்பே போன்.
படம் கட்டம் கட்டமாக உடைகிறது.
எந்தப் பள்ளி மூடியது, எது திறந்தது,
எழுத்து பாதியில் நின்றுவிடுகிறது.
ஈரப்பனியாக இருக்கும், கூரைமேல் தங்கியிருக்கும் என்றேன்.

மறுமுனையில் மூச்சு மட்டும்.
பிறகு,
பேருந்தில் பின்வரிசைப் பையனை அதட்டும் குரலில்:

'உங்கள் கடையில் நீளமான ஏணி எத்தனை அடி?'

இருபத்தெட்டு.

'எடுத்து வையுங்கள். லெடூக்கிடம்
நானே பேசிக்கொள்கிறேன்.'