முசஃபா, நான்காம் அறை

டாக்டர் நெவீன் கெய்ரோக்காரர்.
அவர் கேட்பதைத் தமிழில் கேட்பேன்,
தமிழில் வருவதை அவரிடம் சேர்ப்பேன்.
ஊசி போடுவதில்லை, கட்டுக் கட்டுவதில்லை.
எனக்குச் சம்பளம் சொல்லுக்கு.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:
கண்ணை மூடிக்கொண்டு தடவினால் தெரிகிறதா?
தெரியாவிட்டால் அது வெறும் நிறம்.
தேமல், கருந்திட்டு,
விரலுக்கு இல்லாமல் கண்ணுக்கு மட்டும் இருப்பது.
தெரிந்தால், எவ்வளவு பெரிசு?
மஞ்சள் ஸ்கேல் வைத்திருக்கிறார், பள்ளிக்கூடப் பிள்ளையுடையது மாதிரி.
ஒரு சென்டிமீட்டருக்குள் என்றால் ஒரு பேர்
தாண்டினால் வேறு பேர்.
உள்ளே நீரா, சீழா, ஒன்றுமில்லையா
அதற்கும் தனித்தனிப் பேர்.
ஆட்களோ எல்லாவற்றுக்கும் ஒரே பேரோடு வருகிறார்கள்:
"அரிப்பு சார்."

பிச்சைக்கனிக்கு ராத்திரியில் தடிப்பு.
பூரான் ஊர்ந்த மாதிரி முதுகெல்லாம் எழும்பும்
விடிவதற்குள் அமுங்கிவிடும்.
தடிப்பின் ஆயுள் ஒரு நாளுக்கும் குறைவு,
கேம்ப் பாஸ் கிடைக்க மூன்று நாள்.
வழவழத்த முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்
பொய் சொன்னவன் போல.
டாக்டர் பேனா மூடியால் ஒரு கோடு இழுத்தார்.
ஐந்து நிமிஷத்தில்
கோடு எழுந்து நின்றது, சாட்சிக்கு.

சுவரில் தோலின் படம்.
செங்கல் அடுக்கிய மாதிரி மேல்தோல்.
அதன் கீழே அடித்தோல்: நரம்பு, ரத்தம்,
சுருட்டி வைத்த வயர் போல வியர்வைச் சுரப்பி.
அதற்கும் கீழே மஞ்சளாய்க் கொழுப்பு.
டைல்ஸ் மேஸ்திரி மதலைமுத்து ரொம்ப நேரம் பார்த்தார்.
"கொத்து வேலை சரியில்ல சார், மேல்வரிசை பேருது."
பேரத்தான் வேண்டும் என்றார் டாக்டர்.
அடிவரிசையில் பிறக்கும் செல்
மேலே வந்து உதிர ஒரு மாசம்.
"சம்பளக் கணக்கு மாதிரி" என்றார் மதலைமுத்து,
"அது ரெண்டு மாசமா உதிரல."

அவர் கையில் சிமெண்ட் இறங்கியிருந்தது.
வெடிப்பு, செதில், பொருக்கு, நகக்கீறல்,
சொறிந்து சொறிந்து யானைத்தோலாய்த் தடித்த மணிக்கட்டு.
படிவத்தில் இடம் போதவில்லை.
ஆனால் அவர் வந்தது அதற்கல்ல.
வருகை மெஷின் அவரைத் தெரியாது என்கிறதாம்.
பத்து விரலும் வைத்தாயிற்று,
எச்சில் தொட்டும் வைத்தாயிற்று.
ரேகை தேய்ந்துவிட்டது.
ஆள் எதிரே நிற்கிறார்
வரவில்லை என்று விழுகிறது.

"போனது போனதுதானா? கேளுங்க சார்."
டாக்டர் லென்ஸை வைத்துக் குனிந்தார்.
மேல்தோலோடு நின்ற புண் தடம் விடாது.
அடித்தோலில் இறங்கினால்தான் தழும்பு.
ரேகையின் வேரும் அங்கேதான், அது பத்திரம்.
நாலு வாரம் சிமெண்டைத் தொடாதிருந்தால்
திரும்ப வரும்.

தமிழில் சொல்லிக்கொண்டு போனேன்.
நாலு வாரம் என்ற இடத்தில் சிரித்தார்.
அந்தச் சிரிப்பை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில், முகாமில் பாதிப் பேர்
வேர்க்குருவோடு வரிசையில் நின்ற நாளில்
மறுபடி வந்தார்.
கம்பெனி படுத்துவிட்டது.
கிரேன்கள் நின்ற வாக்கிலேயே நிற்கின்றன.
ஆறு வாரமாய்க் கட்டில், சீட்டு, தூக்கம்.
கையை நீட்டினார். வெடிப்பு மூடியிருந்தது.
இமிகிரேஷன் மெஷின்
முதல் தடவையிலேயே பச்சை காட்டியதாம்.
திருப்பி அனுப்பும் பட்டியலில் பேர் ஏறிவிட்டதாம்.

டாக்டர் படிவத்தில் ஒரே சொல் எழுதி
என் பக்கம் தள்ளினார்.
மூன்று வருஷத்தில் இந்த அறையில்
எனக்கு ஒருமுறையும் தேவைப்படாத சொல்.
கொஞ்சம் தடுமாறி
"இயல்பான தோல்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது.
"அது என்ன வியாதி சார்?"