ஆறு ஆள் வாடகை

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
முதல் லாட்ஜில்
மேனேஜர் பேரேட்டைத் திறந்தார்,
ஜீப்பின் பின்கதவைப் பார்த்தார்,
பேரேட்டை மூடினார்.
"சிலிண்டரோட ரூம் கிடையாதுங்க."
கேஸ் இல்லை, காற்றுதான் என்றேன்.
"காத்து இங்கயே நிறைய இருக்கே,
எதுக்கு அடைச்சிக் கொண்டாந்தீங்க?"

இரண்டாவது லாட்ஜில் வேறு கேள்வி.
எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி,
குரலைத் தாழ்த்தி:
"யாரு போயிட்டாங்க?
எந்த ஊர்ப் பையன்?"

இந்தப் பக்கம் முக்குளிக்க வருபவர்கள்
யாரையாவது மேலே கொண்டுவரத்தான் வருவார்களாம்.
கையில் தாசில்தார் கடிதம் இருக்கும்,
கூடவே அழுது வீங்கிய முகத்தோடு இரண்டு பேர்.
எங்களோடு அழ யாருமில்லை
என்பதுதான் அவருக்குச் சந்தேகம்.
"சும்மா பார்க்கத்தான்" என்றான் லூர்துராஜ்.
அதற்குப் பிறகு அந்த லாட்ஜிலும்
ரூம் இல்லாமல் போய்விட்டது.

இருட்டும் நேரம்
ஒகேனக்கல் இறக்கத்தில்
மீன் வறுத்துக்கொண்டிருந்த மாதம்மாள்
எதையும் கேட்கவில்லை.
பரிசல்கள் கவிழ்த்து வைக்கும் கொட்டகையை ஒட்டி
ஓர் அறை. ஒரு பல்ப். தகரக் கதவு.
"குரங்கு வரும், தாப்பாப் போட்டுக்கோங்க."
அவ்வளவுதான் நிபந்தனை.

சிலிண்டர் நான்கையும்
அவளே சுவரோரம் படுக்க வைத்து
நனைத்த சாக்கைப் போர்த்திவிட்டாள்.
நாங்கள்தான் போர்வையைக்
கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

தட்டில் ஆவி பறக்கும் ராகிக் களி.
நடுவில் கட்டைவிரலால் குழித்து
வாளைமீன் குழம்பு.
மெல்லக் கூடாதாம், விழுங்கணும்.
ஆற்று மீனில் சேறு நாறும் என்று
தொப்பூர் கணவாயிலிருந்து சொல்லிக்கொண்டே வந்த
தருவைகுளத்துக்காரன்
வாயைத் திறக்கவில்லை.
திறந்ததெல்லாம் விழுங்கத்தான்.

எங்களுக்கொரு கணக்கு உண்டு.
கொண்டுபோகும் காற்றில்
மூன்றில் ஒரு பங்கு போக,
ஒரு பங்கு திரும்ப,
மூன்றாவது
வழி தவறினால்.
பழக்க தோஷம், தட்டிலும் ஒரு பங்கை
ஒதுக்கி வைத்திருந்தேன்.
"ஏன், புடிக்கலியா?"
விளக்கிச் சொன்னேன்.
"அது தண்ணிக்கு. இது வயிறு"
என்று ஒதுக்கிய பங்கின் மேல்
இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

விடிகாலையில்
இடுப்புப் பட்டையிலிருந்து
ஈயக்கட்டி ஒன்றைக் கழற்றி வைத்தேன்.
ராத்திரிக் களி அந்த வேலையைச் செய்தது.

பாறைக்கடியில் ஒரு பிளவு.
அருவியின் இரைச்சல்
முதலில் காதில் இருந்தது,
பிறகு பல்லில்,
பிறகு எங்கும் இல்லை.
நூலைக் கட்டிக் கட்டி உள்ளே போனோம்.
வெளிச்சம் பட்ட இடமெல்லாம்
கல்லின் உள்வயிறு, வழவழவென்று.
ஓரிடத்தில்
ரப்பர் செருப்பு ஒன்று, இடது கால்,
கூரையில் முட்டி மிதந்துகொண்டிருந்தது.
லூர்துராஜ் அதன் மேல்
விளக்கைக் கொஞ்ச நேரம் நிறுத்தினான்.
யாருடையது என்று கேட்டுக்கொள்ள முடியாது,
வாயில் குழாய் இருந்தது.
மூன்றில் ஒன்று தீர்ந்தது.
திரும்பினோம்.

மேலே மாதம்மாள்
ஆரால் மீனுக்கு மிளகாய் தடவிக்கொண்டிருந்தாள்.
"என்ன இருந்துச்சு?"
அவன் என்னைப் பார்த்தான்.
"இருட்டு" என்றேன்.
"அதைப் பார்க்கவா இத்தனை காத்து?"
சிரித்தாள்.
பிறகு எண்ணெயைப் பார்த்தபடியே,
"வேற ஒண்ணும் இல்லியே?"
"இல்லை."
வாணலியில் மீன் விழுந்தது.

கிளம்பும்போது
சோப்பு அட்டையின் பின்பக்கம்
கணக்கு எழுதித் தந்தாள்.
களி, குழம்பு, ஆரால் ரெண்டு தட்டு,
கொள்ளுத் துவையலுக்குக் காசு இல்லை,
ரூம் ஆறு ஆள்.

"ரெண்டு பேர்தானேக்கா?"

சாக்குக்கடியில் இருந்த நாலு பேரைக் காட்டினாள்.
"மூச்சு விடாம படுத்திருந்தா
ஆளு இல்லைன்னு ஆயிருமா?"

ஆறு ஆளுக்கும் எண்ணிக் கொடுத்தேன்.
மேடு ஏறி முடியும் வரை
லூர்துராஜ் பேசவில்லை.
பொட்டலத்தில் மிச்சமிருந்த ஆராலை
முள்ளைக்கூடத் துப்பாமல்
தின்றுகொண்டே வந்தான்.