பால்மானி

வில்பட்டிச் சங்கத்தில் காலை ஐந்தரைக்கு
ஒவ்வொரு கேனிலும் இதை முக்குகிறேன்.
இருபத்தெட்டில் நின்றால் பால்.
இருபத்திரண்டுக்கு இறங்கினால்
குழாயடியில் யாரோ கை நடுங்காமல் நின்றிருக்கிறார்கள்.
நான் முகம் பார்ப்பதில்லை. எண்ணைச் சொல்கிறேன்.

சனிக்கிழமைகளில் அதே கண்ணாடிக் குழல்
என் ஸ்வெட்டர் கைக்குள் ஒளிந்து வீட்டுக்கு வருகிறது.

தெக்லா பேக்கரியில் மாவு பிசைபவள்.
ஈஸ்ட்டைப் பற்றி அவள் பேசுவது
வந்து தங்கிவிட்ட கொழுந்தனைப் பற்றிப் பேசுவதுபோல:
"சூடும் ஆகாது, குளிரும் ஆகாது,
சர்க்கரையைக் காட்டினால் மட்டும்
ராத்திரி பூரா வேலை பார்ப்பான்."

கோதுமையை ஊறவைத்து
ஈரச் சாக்கில் பரப்பி மூடினோம்.
கீழே வத்தலக்குண்டு என்றால் ஒன்றரை நாள்.
இங்கே மேகம் ஜன்னல் வழியாக வந்து
சாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டது.
முளை எட்டிப் பார்க்க ஐந்து நாள்.
அடுப்பு அணைந்த பிறகு மிஞ்சும் சூட்டில்
பன் தட்டுகளில் போட்டு அவள் உலர்த்தினாள்,
முதலாளி வருவதற்குள்.

கசப்புக்கு ஹாப்ஸ்.
பெங்களூரிலிருந்து தபாலில்,
'மூலிகைத் தேநீர்' என்று ஒட்டிய பொட்டலம்.
தபால்காரர் மோந்துபார்த்து
"மூட்டு வலிக்காக்கா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
அன்றிலிருந்து முழங்கால் வலிக்கிறது.

வெந்நீரில் விரலை விட்டால்
மூன்று எண்ணும்வரை பொறுக்க வேண்டும்,
நாலுக்குள் பிடுங்கிக்கொள்ள வேண்டும்.
அந்தச் சூட்டில் ஒன்றரை மணி நேரம் கிடந்து
கஞ்சி தானாகவே இனித்தது.
வடித்து, ஆறவிட்டு, குழலை முக்கினேன்:
முப்பத்தெட்டு.
எங்கள் சங்கத்து எருமை எதுவும்
கனவில்கூட அப்படிக் கறந்ததில்லை.

சக்கையை வேலியோரம் கொட்டினோம்.
விடியலில் காட்டுமாடு நின்றது.
வெள்ளைக் காலுறை போட்ட நாலு கால்,
மூக்கில் ஆவி,
ஒரு டன் அமைதி.
தின்று முடித்து வாசலைப் பார்த்தது.
அதற்கப்புறம் நாங்கள் காய்ச்சும் நாள்
தெருவுக்கே தெரியும்.

ஐந்தாம் நாள் பிளம்ஸ்.
மழையில் வெடித்து விலை போகாத இரண்டு கிலோ,
கொட்டை நீக்கி, ஒரு கொதி காட்டி, வாளிக்குள்.
அடங்கியிருந்த நுரை
திரும்ப எழுந்து மூடியைத் தூக்கிற்று.

பதினாலாம் நாள் குழலை விட்டேன்.
கழுத்துவரை போயிற்று,
எண்களைத் தாண்டி, அடியில் தட்டிற்று.
பாலாக இருந்தால்
கொண்டுவந்தவளை வரிசையிலிருந்து விலக்கியிருப்பேன்.
தெக்லா கைதட்டினாள்:
"துடைச்சுத் தின்னுட்டான்!"

பாட்டில்களில் சர்க்கரை போட்டது நான்.
கரண்டி மட்டம் என்றாள்.
நான் குவித்துப் போட்டேன்,
குளிர் ஊராயிற்றே என்ற இரக்கத்தில்.

மூன்று வாரம் கழித்து, கரண்ட் போன இரவில்,
அலமாரிக்குள் ஒன்று. பிறகு இரண்டு.
வனக் காவலர் மாசிலாமணி டார்ச்சோடு ஓடிவந்தார்:
"மாட்டுக்கு வெடி போட்டது யாரு?"
வெளிச்சம் சுவரில் ஏறிற்று.
கூரைவரை சிவப்பு,
வழுக்கி இறங்கும் பழத்தோல்,
தெக்லாவின் நெற்றியில் ஒரு சொட்டு.
அவர் எங்களைக் கேட்கவில்லை.
சுவரில் விரல் வைத்தார். நாக்கில் வைத்தார்.
நெடுநேரம் நின்றார்.
"கசப்பு பரவாயில்ல," என்றார்.
"புளிப்புதான் கொஞ்சம் தூக்கல்."
டார்ச்சை அணைத்துக்கொண்டு போனார்.

குழலை மூன்று முறை கழுவினேன்.
காலை ஐந்தரை. முதல் கேன் பவுளியம்மாளுடையது.
இருபத்திரண்டு.
எண்ணைச் சொல்ல வாயெடுத்து
முகத்தைப் பார்த்துவிட்டேன்.
அவள் என் ஸ்வெட்டர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
அங்கே காயாமலிருந்த சிவப்பை.

இருபத்தாறு என்று எழுதினேன்.

வெளியே, நனைந்த சாலையில்,
மாடு எங்கள் வீட்டுப் பக்கமாக
நடந்துகொண்டிருந்தது.